சைக்கிளை விட்டு இறங்காத உரிமை

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நிர்வாகத்தின் முன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. எதிரே துரையோ கிராணியோ வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். அதுதான் தோட்டத்து வழக்கம். இனி இறங்காமல் ஓட்டிப்போக அனுமதி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

அதே பட்டியலில் மற்றவையும் இருந்தன. சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் அதே கூலி. கொடுமை செய்யும் கிராணிகளை நீக்கிவிட்டுத் தமிழ் பேசத் தெரிந்தவர்களை வைப்பது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. பெண்களிடம் துரைமாரும் மேல்வேலைக்காரர்களும் காட்டும் அத்துமீறலுக்கு முடிவு. ஒழுங்கான மருத்துவ வசதி. கள்ளுக்கடையை மூடுவது. பேசவும் கூட்டம் கூடவும் உரிமை. சொந்தபந்தங்கள் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோவது. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிப்பது. குறை சொன்னவர்களைப் பழிவாங்காமல் இருப்பது. தங்களுக்கென்று ஒரு சங்கம்.

இந்தப் பட்டியல் பெரும்பாலும் தொழிற்சங்க வரலாற்றின் ஒரு பக்கமாகத்தான் நம்மிடம் பேசப்படுகிறது. எனக்கு இதை இன்னொரு விதமாகவும் வாசிக்கத் தோன்றுகிறது. இது ஒரு எழுத்து. யாரையோ எதற்கோ இணங்க வைக்க முயன்ற எழுத்து. அப்படிப் பார்த்தால் இது எந்த இனத்தைச் சேர்ந்தது, எங்கே வலுவானது, எங்கே இடறுகிறது? இந்தக் கேள்விக்கு ஒரு துணை தேடித்தான் நான் 1776ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருந்தது.

போட்டி மேடையும் எதிராளியும்

ஹுத்தான் மெலிந்தாங் பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை சிலாங்கூர். அந்த மாநிலத்தின் தோட்டங்களில்தான் 1941இல் வேலைநிறுத்தம் பரவியது. எங்கள் பக்கத்தில் ரப்பர் பெரும்பாலும் போய்விட்டது, இப்போது செம்பனை. கடலோரம் போகப் போகத் தென்னை. ஜெண்டராட்டா போன்ற தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் வாதக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறேன்.

பேச்சுப் போட்டி என்றால் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அவையோருக்கு வணக்கம், நடுவருக்கு வணக்கம், எதுகை மோனை, நடுவில் ஒரு குறள், முடிவில் குரலை உயர்த்தி ஒரு முழக்கம். கைதட்டலும் கிடைக்கும், கோப்பையும் கிடைக்கும். ஆனால் அந்தப் பேச்சில் எதிராளி என்று ஒருவன் இருப்பதில்லை. நடுவர் ஏற்கனவே நம் பக்கம். தமிழ் வாழ வேண்டும், ஒற்றுமை வேண்டும், கல்வி வேண்டும் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? மறுப்பவனே இல்லாத இடத்தில் இணங்க வைப்பதற்கு என்ன வேலை?

இந்தப் பாணி திராவிட இயக்க மேடையிலிருந்து இங்கே வந்து வேரூன்றியது என்று சொல்வோம். அது பாதி உண்மை. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஈப்போ தமிழர் மாநாட்டில் பேசிய பெரியார் அடுக்குமொழிக்காரர் இல்லை. கொச்சைத் தமிழில், எதிரில் நிற்பவனோடு வழக்காடுவது போலப் பேசுகிறவர் அவர். ‘நீ இப்படிக் கேட்பாய், சரி, கேள், பதில் சொல்கிறேன்’ என்று எதிராளியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பேசுவது அவர் முறை. நாம் அண்ணாவின் நடையை எடுத்துக்கொண்டோம். பெரியாரின் வழக்காட்டை விட்டுவிட்டோம்.

சரி, அமெரிக்கா எதற்கு? ஒரே ஒரு காரணம்தான். ஒரே பிரச்சினையை, ஏறக்குறைய ஒரே கூட்டம், பதினாறு மாத இடைவெளிக்குள் நான்கு வகையில் எழுதியும் பேசியும் பார்த்திருக்கிறது: ஒரு பேச்சு, ஒரு மனு, ஒரு துண்டுநூல், ஒரு பிரகடனம். நான்கும் கையில் கிடைக்கின்றன. கேட்பவர் மாறும்போது மொழி எப்படி மாறுகிறது என்று காட்ட இதைவிடச் சுலபமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நான்கு எழுத்து, நான்கு காது

முதலில் பேச்சு. 1775 மார்ச் 23 அன்று ரிச்மண்ட் நகரத் தேவாலயம் ஒன்றில் வர்ஜீனியாவின் பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள். படை திரட்டலாமா வேண்டாமா என்பது விவாதம். பேட்ரிக் ஹென்றி எழுந்து பேசினார். அந்தப் பேச்சின் கடைசி வாக்கியத்தை உலகமே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. நான் பிள்ளைகளிடம் அந்த வாக்கியத்தை மறந்துவிடச் சொல்வேன். அதற்கு முன்னால் அவர் செய்வதைத்தான் பார்க்க வேண்டும். தனக்கு முன்பு மாறாகப் பேசியவர்களின் நாட்டுப்பற்றையும் திறமையையும் மதிப்பதாகச் சொல்லி ஆரம்பிக்கிறார். பிறகு அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறீர்களா? மனுக் கொடுத்துப் பார்த்தாயிற்று. நாம் பலவீனமானவர்கள் என்கிறீர்களா? எப்போது பலசாலி ஆவோம், அடுத்த வாரமா, அடுத்த வருஷமா? பேச்சின் பெரும்பகுதி கேள்விகள். இன்னொரு செய்தியும் உண்டு. நாம் வாசிக்கும் இந்தப் பேச்சு வில்லியம் வர்ட் என்பவர் 1817இல், நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, கேட்டவர்களின் நினைவிலிருந்து தொகுத்து அச்சிட்டது. புகழ்பெற்ற பேச்சுகளை எந்த அளவுக்கு நம்பி வாசிப்பது என்பதும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

இரண்டாவது மனு. 1775 ஜூலையில் காலனிகளின் காங்கிரஸ் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. ஆலிவ் கிளை மனு என்று அதற்குப் பெயர். அதற்குள் துப்பாக்கிச் சண்டை தொடங்கிவிட்டது. இருந்தும் மொழி முழுக்கப் பணிவு: நாங்கள் தங்கள் விசுவாசமான பிரஜைகள், தவறு தங்கள் அமைச்சர்களுடையது, தாங்கள் தலையிட வேண்டும். மன்னர் அதை வாங்கவே மறுத்தார். ஆகஸ்டில் காலனிகள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார்.

மூன்றாவது துண்டுநூல். 1776 ஜனவரியில் ஃபிலடெல்பியாவில் ‘காமன் சென்ஸ்’ வெளிவந்தது. ஆசிரியர் பெயர் போடவில்லை. எழுதிய தாமஸ் பெயின் இங்கிலாந்தில் பெண்களின் உள்கச்சை தைப்பவரின் மகன். அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அவர் மன்னரிடம் பேசவில்லை. மன்னரை இன்னும் மனசுக்குள் நேசித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசினார். அவனுக்குத் தெரிந்த நூல் பைபிள், அதனால் பைபிளிலிருந்து உதாரணம். இந்த மன்னன் நல்லவனா கெட்டவனா என்று ஆரம்பிக்காமல், பரம்பரையாக ஒருவன் ஆள்வதே என்ன நியாயம் என்று ஆரம்பித்தார். படித்தவர்களுக்கான இலத்தீன் மேற்கோள் அலங்காரம் கிடையாது. படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு உரக்க வாசித்துக் காட்டினால் புரிகிற நடை.

இந்த இடத்தில் மலாயா நினைவுக்கு வராமல் போகாது. கிள்ளான் வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்தவர். கூடவே ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியர். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையை ஒருவர் வாங்கினால் லயத்தில் பலர் கேட்பார்கள். எழுத்தை விற்றுப் பிழைக்கும் ஒருவர் கூலிக்காரர்களின் கோரிக்கைக்கு மொழி கொடுக்கும்போது என்ன நடக்கும் என்பதை ஃபிலடெல்பியாவும் கிள்ளானும் தனித்தனியாகக் கண்டிருக்கின்றன.

நான்காவது பிரகடனம். 1776 ஜூலை 4. இங்கே கேட்பவர் மன்னரும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனும் இல்லை, உலகம். ஜெபர்சன் எழுதி, காங்கிரஸ் வெட்டித் திருத்திய அந்த ஆவணத்தின் கட்டுமானம் ரொம்ப எளிமையானது. முதலில் யாரும் மறுக்க முடியாத ஒரு பொதுநியாயம். அடுத்து, மன்னர் அந்த நியாயத்தை மீறியதற்குச் சான்றாக நீளமான குற்றப்பட்டியல். வழக்கமாக 27 என்று எண்ணுவார்கள். பெரும்பாலானவை ‘அவர்’ என்றே தொடங்கும். அவர் இதைச் செய்தார், அவர் அதை மறுத்தார் என்று உடுக்கை அடிப்பது போல ஒரே தாளம். அடுத்து, நாங்கள் கேட்டுப் பார்த்தோம், பலனில்லை என்ற வாக்குமூலம். கடைசியில்தான் ‘ஆகவே’.

கண்ணகி செய்தது

இந்தக் கட்டுமானம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று யாராவது நினைத்தால் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்து வாசிக்கச் சொல்வேன். பாண்டியன் அவையில் கண்ணகி நேராகச் சிலம்பைத் தூக்கிப்போட்டு உடைக்கவில்லை. நீ யார் என்று கேட்டதும் தன் ஊரைச் சொல்கிறாள். அந்த ஊரின் மன்னர்கள் புறாவுக்காக உடம்பைக் கொடுத்தவர்கள், பசுவுக்காக மகனைக் கொடுத்தவர்கள் என்று நினைவூட்டுகிறாள். அதுதான் பொதுநியாயம்: அரசன் என்றால் இப்படி இருக்க வேண்டும். அடுத்து குற்றச்சாட்டு: உன் ஊரில் சிலம்பு விற்க வந்த என் கணவன் உன்னால் கொலையுண்டான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று மன்னன் மறுக்கிறான். இங்கே எதிராளி வந்துவிட்டான். அப்போதுதான் சான்று. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எங்களுடையது முத்து என்கிறான் அவன். இருவரும் ஒப்புக்கொண்ட சோதனைக்குப் பிறகே சிலம்பு உடைகிறது. நம் மேடைகளில் கண்ணகி என்றால் விரித்த கூந்தலும் தீயும்தான். அவளுடைய வழக்கறிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பட்டியலில் சைக்கிளுக்கு என்ன இடம்?

இதையெல்லாம் பேசி முடித்த பிறகு 1941 பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு கோரிக்கையும் தனித் தாளில். ‘நீங்களே வரிசைப்படுத்துங்கள், எதை முதலில் வைப்பீர்கள், எதைக் கடைசியில்?’

ஒரு பையன் உடனே சொன்னான்: “சார், சைக்கிளக் கடைசியில போடணும். இல்ல, எடுத்துடணும். கூலி, பொம்பளைங்க மானம் எல்லாம் இருக்கறப்ப சைக்கிள் ஒரு விஷயமா? சிரிப்பாங்க.”

எதிரே உட்கார்ந்திருந்த பெண் விடவில்லை. “அதுக்குக் காசா பணமா? அதையே குடுக்க மாட்டேங்கறான்னா என்ன அர்த்தம்?”

அந்தப் பெண் சொன்னதைப் பற்றி நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கூலி உயர்வு கேட்டால் முதலாளிக்குப் பதில் தயாராக இருக்கும்: ரப்பர் விலை, செலவுக் கணக்கு, இலாபம் இல்லை. பள்ளிக்கூடம், மருத்துவம் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். சைக்கிளுக்கு அந்தப் பதில் செல்லாது. அனுமதி கொடுத்தால் தோட்டத்துக்கு ஒரு காசு நஷ்டமில்லை. மறுத்தால், மறுப்புக்குக் காரணம் பணம் இல்லை, பணிவு என்று தானே வெளிவந்துவிடும். அந்த ஒரு கோரிக்கை மற்றப் பதினொன்றுக்கும் சாட்சியாக நிற்கிறது. பட்டியல் எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, அன்றாடம் உறுத்தியதை எழுதிவிட்டார்களா என்பது முக்கியமில்லை. ‘எங்களைக் கண்ணியமாக நடத்துங்கள்’ என்று எழுதியிருந்தால் எந்த நிர்வாகியும் ‘நடத்துகிறோமே’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். சைக்கிளை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

1776 பட்டியலின் பலமும் அதேதான். அதில் சர்வாதிகாரம், அடிமைத்தனம் என்ற பெரிய சொற்களைவிட, சட்டமன்றத்தை வசதியில்லாத தூர இடங்களில் கூட்டினார், நீதிபதிகளின் சம்பளத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார் என்பது போன்ற சின்னச் சின்ன விவரங்கள்தான் வேலை செய்கின்றன.

ஆனால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. 1941 கோரிக்கைகளுக்கு முன்னால் அந்தப் பொதுநியாயம் இல்லை. நாங்கள் யார், எந்த உரிமையில் கேட்கிறோம் என்ற முன்னுரை இல்லை. ‘அதை நீங்கள் எழுதுங்கள்’ என்றேன். முதல் முயற்சிகள் எல்லாம் ‘தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்கிறோம்’ என்றே வந்தன. பள்ளியில் கற்ற அதிகாரப்பூர்வக் கடிதத்தின் பழக்கம். ஒருத்தி மட்டும் இரண்டே வாக்கியம் எழுதியிருந்தாள்: ‘நாங்கள் இந்தத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். வேலை நேரம் முடிந்த பிறகு நாங்கள் துரையின் ஆட்கள் அல்ல.’ சைக்கிள் கோரிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை என்னிடம் இல்லை.

யார் விடுபட்டார்கள்

அமெரிக்கப் பிரதிகளைப் பிள்ளைகளிடம் புனித நூல் போலக் கொடுக்கக் கூடாது. எல்லாரும் சமம் என்று எழுதிய ஜெபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அடிமை வியாபாரத்துக்கு மன்னரைக் குற்றம்சாட்டும் ஒரு பகுதி அவருடைய வரைவில் இருந்தது. காங்கிரஸ் அதை வெட்டியது. பூர்வகுடிகளை அந்த ஆவணம் காட்டுமிராண்டிகள் என்றுதான் குறிப்பிடுகிறது. பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று 1776 மார்ச்சில் அபிகெயில் ஆடம்ஸ் தன் கணவர் ஜானுக்கு எழுதினார். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டார்.

1791இல் பெஞ்சமின் பானெக்கர் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர் ஜெபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பஞ்சாங்கம் கணித்தவர், வானியல் தெரிந்தவர். பிரகடனத்தில் ஜெபர்சன் எழுதிய சொற்களையே எடுத்து அவரிடமே திருப்பிக் காட்டினார்: இதை எழுதியது நீங்கள்தானே? எதிராளியின் சொல்லையே சான்றாக்குவதற்கு இது நல்ல உதாரணம். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தபோது அதே அமெரிக்கப் பிரகடனத்தை மேற்கோள் காட்டித்தான் தொடங்கினார். அமெரிக்கா காதில் வாங்கவில்லை என்பது வேறு கதை.

கிள்ளான் பட்டியலையும் இதே கேள்வியோடு வாசிக்கலாம். பெண்கள் மீதான அத்துமீறல் அதில் இருக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் அங்கே குற்றவாளிகள் துரைமாரும் கிராணிமாரும் மட்டும். லயத்துக்குள் நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கள்ளுக்கடையை மூடச் சொன்ன வரியில் ஒருவேளை அந்தப் பெண்களின் குரல் ஒளிந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சொல்லுக்கு எட்டாத இடம்

நியாயத்தைச் சரியாக எழுதினால் நியாயம் கிடைத்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது பொய். 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் சிலாங்கூரில் மேலும் பரவியது. அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் இறக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான்.

அமெரிக்கர்களின் மனுவும் தோற்றது. ஆனால் தோற்ற பிறகு அவர்களுக்குப் போக இடம் இருந்தது. சொந்த நிலம், சொந்தச் சட்டமன்றம், அச்சகம், துப்பாக்கி. ‘ஆகவே பிரிகிறோம்’ என்று எழுத முடிந்தது. கிள்ளான் தொழிலாளிக்கு வீடே தோட்டத்தினுடையது. வேலை போனால் லயமும் போகும். வாக்குரிமை இல்லை. அவனால் ‘ஆகவே’ எழுத முடியாது. பட்டியலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அவனுடைய மொழித்திறனில் குறை இருந்து அது தோற்கவில்லை.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது பிரிட்டிஷ் மகாராணிக்கு ஒரு மனுவைக் கொடுக்க. சுதந்திரம் கிடைத்து ஐம்பது வருஷம் ஆன பிறகு எதற்கு மகாராணி என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வந்ததில் அன்று மனுவை நேரில் ஒப்படைக்க முடியவில்லை. அந்த இயக்கத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், எழுத்தின் கோணத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். உறையின் மேல் எழுதிய முகவரி லண்டன். கேட்க வேண்டியவர்கள் இங்கே இருந்தார்கள். மனுவின் உருவத்தில் ஒரு பிரகடனம் அது. அடுத்த வருஷம் மார்ச் பொதுத்தேர்தல் முடிவில் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் இன்றும் மனு எழுதாத வீடு குறைவு. தோட்டம் கைமாறியதால் காலி செய்யச் சொன்ன வீட்டுக்கு, அடையாள அட்டை கிடைக்காத பிள்ளைக்கு, கோயில் இருந்த நிலத்துக்கு. எழுதத் தெரிந்தவர் ஒருவரைத் தேடிப்போய், ‘நல்லா நாலு வார்த்தை போட்டுக் குடுங்கண்ணே’ என்று கேட்பார்கள். அந்த நாலு வார்த்தை பெரும்பாலும் பணிவுச் சொற்களாகவே இருக்கும்; வீட்டு எண்ணும் தேதியும், யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதும் விடுபட்டிருக்கும்.

அதனால் இந்த வருஷம் வகுப்பில் ஒரே பிரச்சினையை மூன்று தடவை எழுத வைக்கிறேன். ஒன்று அதிகாரிக்கு. ஒன்று ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஒன்று, யாரென்றே தெரியாத ஊர் உலகத்துக்கு. மூன்றிலும் விவரங்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும், தொடக்கம் மட்டும் மாறலாம் என்பது விதி. மூன்றில் பிள்ளைகள் அதிகம் திணறுவது இரண்டாவதில்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் எதுகை மோனை எடுபடாது.